கவலைப்படுகிறேன் என்று வாசித்த நாட்கள்

மாத்தளையில் மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்கிற ஒரு கடையின் பின்பக்கம், பலகை வைத்துத் தடுத்த ஒரு அறையில் பல வருடம் இருந்தேன். கடைக்கு வருகிறவர்கள் வாசலிலேயே நின்று, என்ன வாசம் என்பார்கள். எனக்கு அந்த வாசம் எப்போதோ தெரியாமல் போய்விட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பூட்டு. கடையைச் சாத்தியதும் பூட்டுவேன், இழுத்துப் பார்ப்பேன். கொஞ்ச தூரம் நடந்து போய் பூட்டினேனா என்று நினைப்பேன். திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். எதிர்க் கடைப் பையன்கள், "பூட்டு பிஞ்சு கையில வந்துரும்ண்ணே" என்று கத்துவார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

எண்பத்து மூன்று கலவரத்தின்போது எனக்குப் பன்னிரண்டு வயது. நாங்கள் அப்போது ரத்தோட்டைக்கு மேலே தோட்டத்தில் இருந்தோம். லயத்து வரிசை வீட்டு ஆட்கள் எல்லாரும் தேயிலைக்குள் போய்ப் படுத்துக்கிடந்தோம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வந்தபோது எங்கள் வீட்டுக் கதவில் அம்மா போட்ட பூட்டு அப்படியே தொங்கியது. மற்றவர்கள் அடுத்த வாரம் காலைப் பிரட்டுக்குப் போய் வேலையில் இறங்கினார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் திறந்ததும் போனார்கள். நான் போகவில்லை. வீட்டில் யாராவது இருக்க வேண்டும் என்று சொன்னேன். அப்புறம் வயிற்றுவலி என்றேன். அப்புறம் யாரும் கேட்கவில்லை. என் படிப்பு அத்தோடு சரி.

ஆனால் வாசிப்பு மட்டும் எப்படியோ என்னோடு ஒட்டிக்கொண்டது. கடை முதலாளி ஹாஜியாருக்குக் கண்ணில் பூ விழுந்திருந்தது. காலையில் பேப்பரை நான்தான் வாசித்துக் காட்டுவேன். பேசும்போது வாய் குழறுகிற எனக்கு, அச்சடித்ததைப் பார்த்தால் குரல் நேராக வரும். எழுதியதைச் சொல்வதில் என்ன பயம், சொன்னது நானில்லையே. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. ரோட்டுத் தடைகளை எடுத்துவிட்டார்கள். எடுத்த இடத்தில் மண்மூட்டைகள் கிழிந்து, அதில் புல் முளைத்திருந்தது. அந்த மாதிரி ஒரு நாளில்தான் பல்கலைக்கழகத்தில் மேல்படிப்புப் படிக்கிற ஒரு பெண் கடைக்கு வந்தாள். கொழும்புத் தமிழ்ப் பெண். கையில் கோப்பு, தோளில் பை. தோட்டங்களில் ஆட்களிடம் கேள்விகள் கேட்க வேண்டும், நிறையப் பேருக்கு வாசிக்கத் தெரியாது, தெளிவாக வாசித்துக் காட்ட உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும் என்றாள்.

ஹாஜியார் என்னைக் கையால் காட்டினார். "இவனக் கூட்டிட்டுப் போங்க மகள். பேப்பர வாசிச்சான்னா தெருவே நின்டு கேக்கும். மத்ததுக்கெல்லாம் பயப்புடுவான், எழுத்துக்குப் பயமில்ல."

மிளகு வரத்து இல்லாத மாதம். கடையில் எனக்கும் வேலை குறைவு. சரி என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு முழுக்க எதற்குச் சரி என்றோம் என்று கவலைப்பட்டேன்.

மிஸ் என்றுதான் அவளைக் கூப்பிட்டேன். என்னைவிட வயது குறைவு. முதல் நாள் கடை வாசலில் உட்கார்ந்து, வேலை என்னவென்று விளக்கினாள். வெளிநாட்டில் எழுதிய கேள்வித்தாள், மனிதருடைய சுபாவத்தை அளப்பதற்கு. யார் கலகலப்பானவர், யார் எளிதில் பதறுகிறவர், யார் முன்கோபி என்று கண்டுபிடிக்க. அதைத் தமிழில் மாற்றியிருக்கிறார்கள். ஆனால் மாற்றினால் மட்டும் போதுமா? அது ஆணையும் பெண்ணையும், இளையவரையும் முதியவரையும் ஒரே மாதிரி அளக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் அவள் வேலை.

"ஒரு ஆம்பளையும் ஒரு பொம்பளையும் இருக்காங்க. ரெண்டு பேருக்கும் ஒரே அளவு கவலைன்னு வச்சுக்கங்க. ஒரு கேள்வி கேட்டா ரெண்டு பேரும் ஒரே மாதிரிப் பதில் சொல்லணும். ஒருத்தர் ஆமாங்கிறார், ஒருத்தர் இல்லங்கிறார்னா அந்தக் கேள்வியிலதான் குறை."

"எங்க ரெண்டு தராசுலயும் ஹாஜியார் காலையில ஒரே படிக்கல்ல வச்சுப் பாப்பாரு. அது மாதிரியா மிஸ்?"

"அதே மாதிரிதான்."

"அப்ப கவலைக்குப் படிக்கல்லு எங்க இருக்கு?"

சிரித்தாள். அவளுக்கு அந்தக் கேள்வி பழக்கமானது போலிருந்தது. "தனியா ஒரு கல்லு இல்ல. மத்தக் கேள்விகள் எல்லாத்தையும் சேத்துத்தான் கல்லா வச்சுக்குவோம். மத்ததுல எல்லாம் சமமா வந்த ஆம்பளையையும் பொம்பளையையும் எடுத்து, இந்த ஒரு கேள்வியில எப்படிச் சொல்லியிருக்காங்கன்னு பார்ப்போம். ஒவ்வொரு கேள்வியையும் அப்படிப் பார்க்கணும். அதுக்குத்தான் நிறையப் பேர் வேணும்."

வாசிப்பவர் முதலில் தானே பதில் சொல்லிப் பழக வேண்டும் என்பது அவளுடைய வழக்கம். கேள்வித்தாளை என் கையில் கொடுத்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆமாம், இல்லை, இரண்டுக்கும் நடுவில் என்று மூன்று கட்டம். நான் அடிக்கடி எதையாவது நினைத்துக் கவலைப்படுகிறேன். ஆமாம். சிறிய சத்தத்துக்கும் திடுக்கிடுவேன். ஆமாம். பூட்டிய கதவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். அதை மறுபடி ஒரு தரம் படித்தேன். எந்த ஊரிலோ உட்கார்ந்து எழுதிய ஒருவருக்கு என் பூட்டைப் பற்றி எப்படித் தெரியும்?

கொடுக்கும்போது கேட்டேன். "மிஸ், எனக்கு என்ன வருதுன்னு சொல்வீங்களா?"

"இப்ப சொல்லக் கூடாது. கேள்விகளே சரியான்னு தெரியாதே. எல்லாம் முடிஞ்சதும் வந்து சொல்றேன்."

அவளுக்கு அது சாதாரணப் பேச்சு. எனக்கு அப்படியில்லை. நாவுலயில் இருக்கும் அக்கா எனக்குப் பெண் பார்த்திருந்தாள். அம்மா போன பிறகு எனக்கு என்று இருந்தது அக்கா ஒருத்திதான். பெண் பல்லேபொலப் பக்கம். தையல் தெரியும், அப்பா இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குத் தாயும் மகளும் வந்தார்கள். தேத்தண்ணீர்க் கோப்பையை வைக்கும்போது அவள் என்னிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். "பேப்பர் நல்லா வாசிப்பீங்களாமே?" நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு. பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அதற்கு என்னென்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

எனக்கு அவளைப் பிடித்திருந்தது. பிரச்சினை அதுவல்ல. சாத்திய கதவைப் போய்ப் போய்ப் பார்க்கிறவன், தெருவில் வாகனம் நின்றால் மூச்சை அடக்குகிறவன், ஒரு பெண்ணைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? எனக்கு இருப்பது வியாதியா, எல்லாருக்கும் இருப்பதுதானா என்று தெரிந்தால் போதும். எல்லாருக்கும் இருப்பதுதான் என்றால் அக்காவிடம் ஆமாம் என்று சொல்லிவிடலாம். வியாதி என்றால் இல்லை என்று சொல்லிவிடலாம். கேட்டுச் சொல்ல இப்போது ஒரு ஆள் கிடைத்துவிட்டாள். அதனால் அக்காவிடம், கொஞ்சம் பொறு, ஒரு விஷயம் தெரிய வேண்டியிருக்கிறது என்று சொல்லி வைத்தேன்.

ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் போகும் ரோட்டில் ஒரு தோட்டத்தில் வேலையைத் தொடங்கினோம். பனி இறங்கி, முன்னால் போகிற மிஸ்ஸின் குடை மட்டும் தெரியும். முதல் வீட்டில் வேலையிலிருந்து நின்றுவிட்ட ஒரு வயதான புருஷனும் பெண்சாதியும். அந்த அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்து கேள்வித்தாளை விரித்தேன். எழுத்தைப் பார்த்ததும் குரல் நேரானது.

"நான் அடிக்கடி எதையாவது நினைத்துக் கவலைப்படுகிறேன்."

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். "ஏன்யா? ஒனக்கு என்னய்யா கவல?"

அடுத்ததை வாசிப்பதா, விளக்குவதா என்று எனக்குத் தெரியவில்லை. வாசித்தேன். "சிறிய சத்தத்துக்கும் நான் திடுக்கிடுவேன்."

"அது எப்பருந்து?"

உள்ளேயிருந்து கிழவர் குரல் கொடுத்தார். "கோயில்ல கயிறு மந்திரிச்சுக் கட்டச் சொல்லு. எங்க தங்கச்சி மவனுக்கு அப்படித்தான் சரியாச்சு."

"நீங்க சும்மா இருங்க. புள்ள வாயத் தொறந்து சொல்றதே பெருசு." என் முழங்கை மேல் கை வைத்தார். தேயிலைக் கறை ஏறிக் கறுத்த விரல்கள். "கலியாணம் ஆயிருச்சாய்யா?"

"இல்லங்கம்மா."

"அதான். தனியா இருந்தா சின்னதும் பெருசாத்தான் தெரியும். சரி, சொல்லு. இன்னும் என்னா செய்யுது?"

இன்னும் என்ன செய்கிறது என்று நான் வரிசையாக வாசித்தேன். எனக்குத் தூக்கம் சரியாக வருவதில்லை. மனதில் இருப்பதை நான் யாரிடமும் சொல்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் அந்த அம்மா ஒரு வார்த்தை சொன்னார். நிறுத்தியிருக்க வேண்டும், இது நானில்லை அம்மா, உங்களைத்தான் கேட்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் மிஸ் எழுதிக்கொண்டிருக்கிறாள், அவளே நிறுத்தட்டும் என்று விட்டுவிட்டேன். "விருந்துகளில் நான் கலகலப்பாக இருப்பேன்" என்று வந்தபோதுதான் அவருக்குக் குழப்பமாகிவிட்டது. "விருந்தா? யாரு வீட்டுல?" என்றார். மிஸ்ஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கிளம்பும்போது அந்த அம்மா, மிஸ்ஸைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்தப் புள்ளய ஒரு டாக்டர்கிட்டக் காட்டுங்க நோனா" என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த சில வீடுகளிலும் வயதானவர்கள் அப்படித்தான். இளவட்டங்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை. பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதியவர்கள், தாளில் இருக்கும் 'நான்' யார் என்று அவர்களுக்குத் தெரியும். வயதானவர்களுக்கு, ஒருவன் முன்னால் வந்து உட்கார்ந்து கவலைப்படுகிறேன் என்று சொன்னால், கவலைப்படுகிறவன் அவன்தான். அதில் தப்பு என்ன? அன்றைக்கு என்னை எத்தனையோ பேர் சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். ஒருவர் மகாவலிப் பக்கம் ஒரு சாமியாடி இருப்பதாகச் சொன்னார். ஒரு அம்மா தன் பெரிய மகனும் இப்படித்தான் இருந்தான் என்று அழுதார்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது மிஸ் சொன்னாள். "வயசானவங்க எல்லாரும் உங்களுக்குத்தான் பதில் சொல்றாங்க. அவங்களப் பத்தி ஒண்ணுமே வரல. இப்படியே போட்டா வயசானவங்களுக்குக் கவலையே இல்லன்னு கணக்கு வரும். 'நீங்க'ன்னு மாத்திக் கேட்போம். எல்லாருக்கும் ஒரே மாதிரி."

அவள் சொன்னது சரி. அன்றே எல்லா வாக்கியத்தையும் மாற்றி எழுதினாள். மறுநாளிலிருந்து நான், நீங்கள் அடிக்கடி கவலைப்படுவீர்களா, நீங்கள் திடுக்கிடுவீர்களா என்று வாசித்தேன். வேலை ஒழுங்காக நடந்தது. ஆமாம், இல்லை, நடுவில் என்று பதில்கள் வந்து விழுந்தன. ஏன்யா, ஒனக்கு என்ன கவலை என்று அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

கேள்வியை மாற்றியதோடு தொல்லை தீரவில்லை. லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு காம்பராவில் கேட்டால் அடுத்த காம்பராவில் கேட்கும். ஒரு இளம்பெண்ணிடம், மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவீர்களா என்று வாசித்தேன். அவள் வாயைத் திறப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமியாரின் குரல் வந்தது: "அதெல்லாம் நல்லாச் சொல்லுவா, எழுதிக்கங்க!" லயமே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள், பிறகு இல்லை என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவரையும் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு வரவழைத்துத் தனித்தனியாகக் கேட்டோம். மடுவம் காலியாக இருக்கும் நேரம் பார்த்து அனுமதி வாங்கியிருந்தாள் மிஸ். அங்கே காற்றைத் தவிர வேறு யாரும் ஒட்டுக்கேட்க முடியாது.

அங்கேதான் எனக்கு அந்த வேலை கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. இருட்டிய பிறகு தனியாக வெளியே போகத் தயங்குவீர்களா என்று ஒரு கேள்வி. பெண்கள் எல்லாரும் ஆமாம். பயந்தவளும் ஆமாம், வாய்க்கு அஞ்சாதவளும் ஆமாம். இளைஞர்களும் ஆமாம். அவர்களுக்கு ரோட்டில் நிறுத்தி அடையாள அட்டை கேட்டுப் பழகிய பயம், தடைகள் எடுத்தபிறகும் போகவில்லை. வயதான ஆண்கள் மட்டும், "நம்மள யாரு என்ன செய்யப்போறான்" என்று இல்லை போட்டார்கள். மிஸ் பேனாவால் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டாள். "இது ஆளோட பயத்த அளக்கல. ரோட்ட அளக்குது" என்றாள்.

கவலைக் கேள்விகள் வரும்போது நான் காதைத் தீட்டிக்கொள்வேன். ஆமாம் என்று ஒரு ஆண் சொல்ல மாட்டானா என்று. பெண்கள் ஆமாம் என்றார்கள், இல்லாவிட்டால் நடுவில் என்றார்கள். ஆண்கள் மடுவத்துக்குத் தனியாக வந்தும் சிரித்தார்கள்.

"சின்ன விஷயத்துக்கும் கண் கலங்குவீர்களா?"

"என்னண்ணே, என்னயப் பாத்தா அப்படியா இருக்கு?"

"பூட்டிய கதவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்களா?"

"பூட்டுறதுக்கு உள்ள என்னண்ணே இருக்கு? ரெண்டு சட்டி, ஒரு பாயி."

இல்லை. இல்லை. இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் கட்டத்தில் நான்தான் புள்ளடி போட்டேன். நாள் ஆக ஆக எனக்குத் தெரிந்துபோனது, இத்தனை மலை, இத்தனை லயம் ஏறி இறங்கியும் என்னைப் போல ஒரு ஆம்பிளை இல்லை. என்ன செய்வது, கேட்டுக்கொண்டே போனேன். தேயிலைக்குள் என்னோடு படுத்துக்கிடந்த ஒருவனையும் ஒரு நாள் கேட்க நேர்ந்தது. அவனும் சிரித்துக்கொண்டு இல்லை என்றான்.

தைப்பொங்கலுக்கு நாவுலக்குப் போனேன். அக்கா புருஷன் அங்கே மரக்கறி லொறி ஓட்டுகிறவர். ஆள் பெரிய உருவம், சத்தமான சிரிப்பு. என்னை எப்போதும் மாப்ள என்று கூப்பிட்டு முதுகில் ஒரு அடி வைப்பார். என் புது வேலையைக் கேள்விப்பட்டதும் அவருக்கு வேடிக்கையாகிவிட்டது.

"மாப்ள, என்னயும் கேளு பாப்போம். நான் லூசா இல்லையான்னு சொல்லு."

"சொந்தக்காரங்களக் கேட்டா சேத்துக்க மாட்டாங்க மச்சான்."

"சேக்காட்டிப் போ. சும்மா கேளு."

பையில் கிடந்த ஒரு கேள்வித்தாளை எடுத்துச் சிலவற்றை வாசித்தேன். விருந்தில் கலகலப்பா என்றதற்கு, "நான் போனாத்தான் விருந்தே" என்றார். சத்தத்துக்குத் திடுக்கிடுவீர்களா என்றதற்கு, "லொறிக்காரன்கிட்டச் சத்தத்தப் பத்திக் கேக்குறான் பாரு" என்றார். பூட்டிய கதவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்களா?

"பூட்டுனா பூட்டுனதுதான். என்ன மாப்ள, எல்லாம் பொம்பளக் கேள்வியா இருக்கு!"

உள்ளே பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நின்ற அக்கா, அகப்பையைச் சட்டியில் தட்டி வைத்தாள். ஏதோ சொல்ல வந்தவள் மாதிரி எட்டிப் பார்த்துவிட்டு, புகைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். அவளுக்கு என் மேல்தான் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். பெண் வீட்டார் கேட்கிறார்கள், என்ன சொல்ல என்று காலையிலேயே கேட்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் பொறுக்கா."

"எதுக்குடா பொறுக்கணும்? அதையாவது சொல்லு."

எப்படிச் சொல்வது? ஒரு படித்த பெண் கணக்குப் பார்த்து எனக்கு வியாதியா இல்லையா என்று சொல்வாள், அதற்குக் காத்திருக்கிறேன் என்றா?

வேலை முடிந்து மிஸ் கோப்புகளைக் கட்டிக்கொண்டு போனாள். மாதங்கள் போயின. கடையில் மிளகு வந்தது, கராம்பு வந்தது. முற்றத்தில் சாக்கு விரித்துக் காயப்போட்டு, மழை இருட்டினால் அள்ளி, வெயில் வந்தால் மறுபடி விரித்து. வாசலில் குடையோடு யார் வந்தாலும் நிமிர்ந்து பார்ப்பேன். அக்கா இரண்டு தரம் கடை டெலிபோனுக்கு எடுத்தாள். பொறு என்றேன். ஒரு தரம் ஹாஜியாரே எடுத்துப் பேசிவிட்டு, "ஒண்ட ராத்தா அழுறா. என்ன மறுமொழிண்டாலும் சொல்லித் தொலையேன்டா" என்றார்.

மிஸ் வந்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் அவ்வளவு தூரம் வந்தாள், அதை நான் மறக்கக் கூடாது. கடைக்குப் பின்னால் சாக்குகளுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் கொடுத்தேன். தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.

"உங்க விஷயத்த ஒழுங்காச் சொல்லணும்னு யோசிச்சுட்டே வந்தேன்" என்றாள். "கவலையப் பத்தின கேள்விகள்லதான் ஆண், பெண் வித்தியாசம் பெருசா வந்திருக்கு. மத்ததுல எல்லாம் சமமா இருக்கிற ஆணும் பெண்ணும், கண் கலங்குறது, கதவப் பார்க்கிறது, இதுல மட்டும் தூரமாப் போயிடுறாங்க. அந்தக் கேள்விகள இப்படியே பாவிக்க முடியாது. வெளியில எடுத்து வச்சிருக்கோம்."

"அப்ப எனக்கு வந்தது?"

"நீங்க ஆமான்னு சொன்னது பெரும்பாலும் அந்தக் கேள்விகளுக்குத்தான்."

"ஆம்பளைங்க யாரும் ஆமான்னு சொல்லல. நான்தான் சொன்னேன். எனக்குத் தெரியும் மிஸ், புள்ளடி போட்டதே நான்தானே. அப்ப எனக்குத்தான் வியாதி."

"அப்படிச் சொல்ல முடியாது. மத்தவங்களுக்கு இல்லாததாலயும் இல்லன்னு சொல்லியிருக்கலாம். இருந்தும் சொல்லாம இருந்திருக்கலாம். எதுன்னு இந்தக் கேள்விகளுக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நான் உங்களுக்கு ஒரு நம்பர் சொன்னா அது பொய்."

நான் சாக்கில் ஒட்டியிருந்த ஒரு கராம்பை எடுத்து உதிர்த்துக்கொண்டிருந்தேன்.

"அதோட, இது வியாதி கண்டுபிடிக்கிற தாளே இல்ல. இத நான் முதல்லயே உங்களுக்கு விளங்கச் சொல்லியிருக்கணும். உங்களுக்குக் கஷ்டமா இருந்தா ஆஸ்பத்திரியில அதுக்கு டாக்டர் இருக்கார். அவர் தாள் வச்சுப் பார்க்க மாட்டார், உங்களோட பேசிப் பார்ப்பார். போவீங்களா?"

போகிறேன் என்றேன். அவள் குடையை எடுத்தாள். தெருமுனை வரைக்கும் கூடப் போனேன். பஸ் வந்தது, ஏறினாள், ஜன்னலில் கை காட்டினாள். அவளை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

இனிப் பொறுப்பதற்கு ஒன்றும் இல்லை. அடுத்த ஞாயிறு நாவுல பஸ்ஸில் ஏறினேன். பஸ்ஸில் எனக்குள் ஒரு துணிச்சல் வந்திருந்தது, அதைத் துணிச்சல் என்பதா, களைப்பு என்பதா. யாராலும் சொல்ல முடியாது என்றால் நானே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். அக்காவிடம் ஆமாம் என்று சொல்வோம். அந்தப் பெண்ணிடம், எனக்கு இப்படி ஒரு பழக்கம் உண்டு, கதவை நாலு தரம் பார்ப்பேன் என்று முதலிலேயே சொல்வோம். பேப்பர் வாசிப்பேன், நீங்கள் தைத்துக்கொண்டே கேட்கலாம் என்றும் சொல்வோம்.

அக்கா முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அந்தப் புள்ளைக்கு முடிஞ்சிருச்சு. போன மாசம். கண்டிப் பக்கம் மாப்புள."

நான் திண்டில் உட்கார்ந்தேன்.

"அவங்க ஆத்தா கடேசியா வந்து என்ன கேட்டுச்சு தெரியுமா? ஒங்க தம்பி ஆமாங்குறாரா, இல்லங்குறாரா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கம்மான்னுச்சு. நான் எதடா சொல்ல? எத்தன நாளைக்கு நடுவுலயே நிப்பாங்க?" அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். முகம் மாறியது. "நீ என்ன, சரின்னு சொல்லவா வந்த?"

தலையை ஆட்டினேன்.

"அட பாவி." மிளகாய்த் தட்டை அப்படியே விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்னடா ஒனக்கு? எதுக்குத்தான் பயந்த?"

என் அக்கா என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தரம். தாள் இல்லாமல் என்னைப் பற்றி என் வாயால் சொன்னதும் அதுதான் முதல் தரம். பூட்டைப் பற்றிச் சொன்னேன். இழுத்துப் பார்ப்பது, போவது, திரும்பி வருவது. இப்படி ஒருவனோடு யார் குடும்பம் நடத்துவார்கள் என்று சொன்னேன்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அலுத்துப்போன குரலில், சோறு வெந்துவிட்டது என்று சொல்வது மாதிரிச் சொன்னாள்.

"இதுக்கா? ஒங்க மச்சான் தெனம் எந்திரிச்சுப் போயிக் கதவப் பாக்குறாரு. எம்பத்து மூணுலருந்து. நான் குடும்பம் நடத்தலயா?"

"மச்சானா?"

"பொங்கலன்னைக்கு அந்த மனுசன் இல்லன்னு சொன்னப்ப எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. சொன்னா கோவிச்சுக்குவாருன்னு சும்மா இருந்தேன்."

சொல்லியிருந்தால் என்று இரண்டு பேருமே நினைத்திருப்போம். அக்கா எழுந்து போய் மிளகாயைப் பரப்பத் தொடங்கினாள். காகம் ஒன்று சுவரில் வந்து உட்கார்ந்தது, அதை வேண்டுமென்றே பலமாக விரட்டினாள்.

சாயங்காலம் மச்சான் என்னை லொறியில் பஸ் நிறுத்தத்துக்குக் கொண்டுபோய் விட்டார். விஷயம் அவருக்குத் தெரியும். வழியெல்லாம் பெண் போனதைப் பற்றிப் பேசாமல், தக்காளி விலையைப் பற்றியே பேசினார். எனக்கு ஒரு கேள்வி தொண்டை வரைக்கும் வந்து நின்றது. ஒரே ஒரு கேள்வி, தாளில் இருப்பதுதான். எழுத்து முன்னால் இல்லாததால் குரல் வரவில்லை.

லொறியை ஓரம் கட்டி இறங்கினோம். அவர் கதவைச் சாத்திப் பூட்டினார். கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். இரண்டு பேரும் பெட்டிக் கடைப் பக்கம் நடந்தோம். "ஒரு வெத்தில போட்டுட்டு வாறேன் மாப்ள" என்றவர், கடையை எட்டுவதற்குள் திரும்பி லொறிக்குப் போனார். கைப்பிடியை மறுபடி இழுத்துப் பார்த்தார். அங்கிருந்தே என்னைப் பார்த்தார்.

நான் பார்க்காத மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்காகத்தான் அப்படிச் செய்தேன். மாத்தளை பஸ் வருகிற வெளிச்சம் தெரிந்தது. அவர் என் முதுகில் வழக்கமான அடியை வைத்தார், கொஞ்சம் மெதுவாக.

"போயிட்டு வா மாப்ள. போனதும் டெலிபோன் எடு."

ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. பஸ் கிளம்பியபோது திரும்பிப் பார்த்தேன். மச்சான் லொறிக்குப் பக்கத்தில் கதவில் ஒரு கையை வைத்தபடி நின்றிருந்தார். கடைப் பூட்டைக் காலையில் பூட்டிவிட்டு வந்தேனா என்று, வழியில் நாலந்த ஊரைத் தாண்டும்போது எனக்கு நினைவு வந்தது.